ஹேண்டில் திரும்பிய பக்கம்

“‘உங்க வீட்டம்மா வேணும்னேதான் என் கோலத்து மேல சைக்கிளை ஏத்திட்டாங்க சார், மார்கழி பொறந்ததுலேருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க.’ ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல. சந்திரமதியம்மா இப்படியேதான் சொன்னாங்க. பால் வாங்குற இடத்துல, நாலு பேருக்கு நடுவுல.” தணிகாசலம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்ன அதே குரலில் திரும்பவும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததையே ஒரு பெருமையாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிரமிளா நிமிரவில்லை. மாடிப்படிக்குக் கீழே தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை மடக்கினால் முட்டியில் காய ஆரம்பித்திருந்த பொருக்கு விரிந்து பிளக்கிறது. இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ், அதற்குள் வீக்கம், வீக்கத்துக்குள் ஒரு நாடி தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. “வேணும்னு ஏத்தினியான்னு நேத்தே கேட்டேன். ஆமான்னே.” “ஆமா.” “அதுல ஒரு வருத்தமாவது இருக்கா?” “முட்டி வலிக்குது. அது வருத்தத்துல சேருமா பாருங்க.” “தெரு நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். பொங்கலுக்குக் கோலப் பரிசு குடுக்கறவன் நான். என் வீட்டுலயே இப்படின்னா நான் எந்த முகத்தோட போய் மேடையில நிப்பேன்?” “எனக்கொரு ஆறுதல் பரிசு குடுத்துடுங்க. முகம் தானா வந்துடும்.” அவர் மூக்கு வழியாக மூச்சு விட்டார். கோபத்தை இப்படித்தான் கணக்காக வெளியே விடுவார், பிரஷர் குக்கர் மாதிரி. “இங்க பாரு. இந்த வண்டி ஓடுற நெலமைக்கு வந்தா வெச்சுக்க. இல்லைன்னா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பழைய இரும்புக்காரன் வருவான். தூக்கிக் குடுத்துட்டு மறுவேலை பார்ப்பேன். அம்பதைத் தொடப்போற பொம்பளைக்கு சைக்கிள் கேக்குதா.” சொல்லிவிட்டு உள்ளே போனார். ஹாலில் பிரம்பு நாற்காலி முனகியது, பேப்பர் விரிந்தது. ஜன்னல் திறந்தே இருந்தது. அவர் அங்கே இருப்பதும், அவள் இங்கே இருப்பதும், நடுவில் ஒரு ஜன்னல் கம்பி மட்டும் இருப்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு வாக்கியம் போதும். ஏத்தல, திருப்பினேன், அதனாலதான் விழுந்தேன். இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணப் பரீட்சையில் இதைவிட நீளமான வாக்கியங்களை மூச்சுவிடாமல் எழுதியிருக்கிறாள். ஆனால் இந்த மனிதர் நேற்று அவள் கேட்டைத் திறந்துகொண்டு சைக்கிளை ஒரு கையால் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தபோது எங்க அடி என்று கேட்டாரா, எப்படி விழுந்தே என்று கேட்டாரா, அவள் சுடிதாரில் தோளிலிருந்து இடுப்பு வரை அப்பியிருந்த நீலத்தைப் பார்த்தார், “இது அவங்க கலர்ப் பொடியில்ல?” என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. அப்புறம் பால் வாங்கப் போனார், வந்தார், வேணும்னு ஏத்தினியா என்றார், அவள் ஆமா என்றாள். வேறென்ன சொல்வது. கடைக்காரன் சந்தேகப்பட்டுப் பார்த்த பிறகு நான் திருடலைங்க என்று பையைத் திறந்து கொட்டிக் காட்டுகிற பிழைப்பு அவளுக்கு வராது. அவள் செய்திருக்கமாட்டாளோ என்று அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லையே, அதுதான். இத்தனை வருஷம் ஒரே குழம்பைச் சாப்பிட்டுவிட்டு. செயினை எடுத்துப் பல்சக்கரத்தில் வைத்தாள், நழுவியது. மறுபடி வைத்தாள். பழைய கரண்டிக் காம்பால் செயினை நெம்பிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பெடலைப் பின்னுக்குச் சுற்றினாள், கறுப்பு மசகு விரலிடுக்கில் ஏறியது, டக் என்று ஒரு பல் பிடித்தது, அடுத்த பல், அடுத்தது, செயின் உட்கார்ந்துவிட்டது. ஒன்று முடிந்தது. சைக்கிள் கடைக்காரர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டார், கடைக் கதவில் சாக்பீஸால் சாமியே சரணம் என்று எழுதியிருக்கிறது, அந்தச் சாமிக்கும் இந்தச் சைக்கிளுக்கும் என்ன விரோதமோ. எண்ணெய் விடலாமென்றால் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, மார்கழிக் குளிர். வெயிலில் வைத்தாள். பாட்டிலும் அவளைப் போலத்தான், கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது.

எங்கேயோ இரண்டு மூன்று தெரு தள்ளி ஸ்பீக்கர் கேட்டது. பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக், உடைஞ்ச சேர், ஓடாத சைக்கிள். ஓடாத சைக்கிள். அந்தக் குரல் எங்கே போய் ரெக்கார்டு பண்ணியதோ, எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்கிற குரல், பிணத்தைத் தூக்க வருகிறவன் சிரித்தால் எப்படியிருக்கும் அப்படி. சரி, அவன் வர நேரமாகும், ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வாசலிலும் நின்று பேரம் பேசுவான். பிரமிளா பின் மட்கார்டைக் கையால் வெளியே இழுத்தாள். சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தது. இழுக்கும்போது உள்ளங்கையின் சிராய்ப்பு எரிந்தது, பார்த்தாள், ஆயுள் ரேகையின் மடிப்பில் இன்னும் நீலம். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. மயில் நீலம். சந்திரமதி எதிர்வீட்டு வாசலிலிருந்து இந்தப் பக்கத்துச் சாக்கடைப் பலகை வரைக்கும் தெருவை முழுசாக அடைத்துப் போடுகிற கோலத்தின் நீலம். தெரு அவளுடைய அப்பன் வீட்டுச் சொத்து. மார்கழி முப்பது நாளும் தெருவுக்குக் குறுக்கே ஒரு மயில், ஒரு தாமரை, ஒரு தேர், இரண்டு முனையிலும் செங்கல் வைத்துவிடுவாள், வண்டி போகக்கூடாது. கார்க்காரன் சுற்றிப் போவான், பைக்கில் வருகிறவன் திட்டிக்கொண்டே சுற்றிப் போவான். பிரமிளா மட்டும் தினமும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாக்கடைப் பலகை மேல் பூனை மாதிரி நடந்து போவாள். சந்திரமதி குனிந்து புள்ளி வைத்துக்கொண்டே, நிமிராமல், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போலச் சொல்வாள், “சுடிதார் போட்டா வயசு கொறைஞ்சுடுமாக்கும்.” ஒரு நாள், “பேரன் பேத்தி எடுக்குற காலத்துல பெடல் மிதிக்கிறா பாரு.” பேரனுமில்லை பேத்தியுமில்லை, மகள் நித்திலாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, ஓசூரில் வேலை பார்க்கிறது, ஒன்பதாவதில் வாங்கிக் கொடுத்த சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டுப் போய்விட்டது. அதைத்தான் இவள் தூசி தட்டி எடுத்தாள். தட்டி எடுத்தது குற்றம். மிதித்தது அடுத்த குற்றம்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே முடிவு பண்ணிவிட்டாள், அதுதான் விஷயம், அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நாளைக்கு இறங்கமாட்டேன். படுக்கையில் புரண்டுகொண்டே தீர்மானம் போட்டாள், செங்கலுக்கு இடையில் விட்டு, நடுமயிலின் மார்பு மேலேயே ஏற்றிக்கொண்டு போவேன், டயர் தடம் நீளமாக விழும், பெல்லும் அடிப்பேன். எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினாள் அன்றைக்கு. சனிக்கிழமை இருட்டோடு எழுந்து, பனி, தெருவிளக்கு மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது, விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கி வீட்டு மாடிகளைத் தேய்த்துக்கொண்டு போனது. ஏறி மிதித்தாள். காற்று காதுக்குள் புகுந்தது. தெருவில் யாருமில்லை. சந்திரமதிகூட இல்லை, பொடி எடுக்க உள்ளே போயிருக்கவேண்டும். செங்கல் வந்தது, தாண்டினாள், கோலத்தின் ஓரம் வந்தது, வெள்ளைக் கோடு, மிதி, மிதி, மிதிக்கத்தான் செய்தாள், ஆனால் கை திரும்பிவிட்டது. கைதான். அவள் திருப்பவில்லை. ஹேண்டில் வலது பக்கம் ஒடிந்து, முன்சக்கரம் சாக்கடைப் பலகையின் விளிம்பில் போய் இடித்து, சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், போய் விழுந்தது எங்கே என்றால் மயில் மேலேயே. முட்டி, உள்ளங்கை, தோள், கன்னம், எல்லாவற்றாலும் அழித்தாள். சக்கரம் தொடாத கோலத்தை உடம்பால் துடைத்தாள். ஏன் திருப்பினாய் என்றால் அவளுக்கே தெரியாது. கன்னம் தரையில் பட்டுக் கிடந்தபோது மயிலின் கழுத்து கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது, அந்தக் கழுத்தைப் போட்டு, கையால் அழித்து, திரும்பப் போட்டு, திரும்ப அழித்திருந்தாள் சந்திரமதி, மூன்று நான்கு தடவை, வெள்ளையாகப் புகை மாதிரி அழித்த தடம். கோடு நேராக வராமல் திண்டாடியிருக்கிறாள். அந்த இடத்தைப் பார்த்துத்தான் திருப்பினேனா என்று நேற்றெல்லாம் கேட்டுப் பார்த்தாள். இல்லை. விழுந்த பிறகுதானே பார்த்தேன். மிதித்து வந்த வேகத்தில் அது எப்படித் தெரிந்திருக்கும். பார்க்காததற்காக ஒருத்தி திருப்புவாளா. அப்படியானால் வேறெதற்கு. பயந்துவிட்டேனா. பயம் என்றால்கூடப் பரவாயில்லை, மரியாதை என்றால் தாங்காது. சந்திரமதியின் கோலத்துக்கு மரியாதை கொடுத்து முட்டியைப் பேர்த்துக்கொண்டவள் என்று தெருவில் பேசுவதைவிட, கெட்டவள், வேணும்னே ஏற்றினவள் என்று பேசட்டும். ஏற்றுவதாகத்தானே இருந்தேன். அவர் சொல்கிற பொய்யில் முக்கால்வாசி உண்மை. கால்வாசிக்காக யார் வாயைத் திறப்பது.

சந்திரமதி கொட்டாங்கச்சியில் பொடியோடு வெளியே வந்தாள். முதலில் கோலத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் இவளைப் பார்த்தாள். தூக்கிவிடவில்லை. பிரமிளா அதற்காக அவளைக் குறை சொல்லமாட்டாள், அவளிடத்தில் இவள் இருந்தாலும் முதலில் கோலத்தைத்தான் பார்த்திருப்பாள், தூக்கிவிட்டிருக்கமாட்டாள், இரண்டு பேரும் அந்த அளவுக்கு ஒரே ஜாடை. தானாக எழுந்தாள். எழுந்து வீட்டுக்கு வந்து தானாகவே டிஞ்சர் தடவிக்கொண்டாள். டிஞ்சர் என்றால் சிஸ்டர் அமலோற்பவம். கான்வென்ட்டில் கூடைப்பந்து மைதானத்துச் சரளையில் விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டு போனால் பெரிய புட்டியும் பஞ்சுமாக வருவார், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, “ஆண்டவருக்கு ஒப்புக்கொடும்மா, வலியை அவருக்கு ஒப்புக்கொடு” என்பார். பிரமிளா பத்து வயதில் கேட்டாள், “சிஸ்டர், அவருக்கு என் முட்டி எதுக்கு?” அதற்கு அரைமணி நேரம் சிலுவைக்கு எதிரே நிற்கவைத்தார்கள். நின்றபோது இரண்டு ரத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரில் இருந்தவருக்கும் முட்டியில்தான் ரொம்ப அடி. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நின்றார் அவரும். அந்த நாளிலிருந்து இவள் வலியை யாருக்கும் ஒப்புக்கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. பிரசவத்தில் கத்தவில்லை, நர்ஸ் பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். சைக்கிள்கூடத் தானாகத்தான் கற்றுக்கொண்டாள், போன ஆடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில். அப்பா சின்ன வயதில் விடவில்லை, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்றார், அதே வாக்கியம் வீடு மாறி வந்து இவர் வாயில் உட்கார்ந்திருக்கிறது. பின்னாலிருந்து சீட்டைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் சைக்கிள் கற்றுக்கொண்டவள் இந்தத் திருச்சியில் இன்னொருத்தி இருந்தால் காட்டச் சொல்லு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், சுவரை விட்டாள், விழுந்தாள், சுவரைப் பிடித்தாள். ஒரு நாள் சுவர் முடிந்துபோனதைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள். அதைத்தான் தூக்கி இரும்புக்குப் போடப் பார்க்கிறார். விமான நிலையச் சாலை வரைக்கும் போய், வேலிக்கு வெளியே ஒரு காலை ஊன்றி நின்று, விடியும்போது ஓடுபாதை விளக்கெல்லாம் அணைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாளே, அதை. அங்கே நிற்கும்போது மட்டும்தான் அவள் யாரையும் திட்டிக்கொண்டிருப்பதில்லை. அது இவருக்கு எப்படித் தெரியும், அவளே சொன்னதில்லை.

ஸ்பீக்கர் பின்தெருவுக்கு வந்துவிட்டது. உடைஞ்ச சேர், ஓடாத சைக்கிள். முன்கூடையின் நசுங்கலை உள்ளேயிருந்து குத்தி வெளியே தள்ளினாள். பெல்லின் மூடி போனது போனதுதான், சாக்கடைக்குள் கிடக்கும். எண்ணெய் உருகியிருந்தது, செயினில் சொட்டினாள், சைக்கிள் தாளிப்பு வாசனை அடித்தது. பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இனி ஹேண்டில் மட்டும்தான். சக்கரம் நேராக நிற்க, ஹேண்டில் மட்டும் வலது பக்கம் கோணிக்கொண்டு, பேச்சு வாங்கின முகம் மாதிரி திரும்பி நின்றது. இது தெரிந்த வேலைதான், நித்திலாவுக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். நடுவில் இருக்கிற நட்டைத் தளர்த்தி, முன்னால் போய் நின்று, முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை இரண்டு கையாலும் பற்றி ஒரு முறுக்கு. அவ்வளவுதான். சுவரைப் பிடித்து எழுந்தாள். ஸ்பானரை வலது கையால் வைத்து உடம்பின் கனத்தைக் கொடுத்தாள், நட்டு கிரீச்சென்று விட்டுக்கொடுத்தது. முன்னால் போய் நின்றாள். முட்டிகளைச் சேர்த்தாள். டயரின் ரப்பர் பொருக்கில் பட்டதும் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. பல்லைக் கடித்து இறுக்கினாள், இடது முட்டி பிளந்து சூடாகக் கணுக்கால் வரைக்கும் இறங்கியது, சக்கரம் நழுவித் திரும்பிக்கொண்டது, ஹேண்டிலும் அதோடு சேர்ந்து திரும்பியது, கோணல் அப்படியே இருந்தது. சக்கரத்தைத் துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிப் பார்த்தாள். கல் அசைந்தது. கேட்டுக் கம்பிக்குள் நுழைத்துப் பார்த்தாள், டயர் கொள்ளவில்லை. இடுப்பால் அழுத்திப் பார்த்தாள், இடது கையில் பிடி இல்லை. வேலை என்று பார்த்தால் ஒரு வேலையே இல்லை. யாராவது ஒரு ஆள் வந்து சக்கரத்தை இரண்டு நிமிஷம் பிடித்தால் போதும். ஒரு ஆள். சுவர் உதவாத வேலை.

கேட்டுக்கு வெளியே துடைப்பம் பெருக்கும் சத்தம் கேட்டது. சந்திரமதி தன் வாசலில் இன்றைக்குக் காலையில் போட்ட கோலத்தின் ஓரத்துச் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் மயில்தான், நேற்றையதைவிடப் பெரிசு, கழுத்துக் கோடு இன்றைக்கு நேராக வந்திருந்தது. பொறாமையாக இருந்தது பிரமிளாவுக்கு, எதற்கென்று தெரியாத பொறாமை. துடைப்பம் இந்தப் பக்கமே பெருக்கிக்கொண்டிருந்தது, பெருக்க ஒன்றுமில்லாத இடத்தை. பார்க்கட்டும். ரத்தம் வழிகிற காலோடு தன் சைக்கிளை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மனசு குளிரட்டும், நாளைக்குப் பால் வாங்குமிடத்தில் இதையும் எழுத்து மாறாமல் சொல்லட்டும். உள்ளே பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. ஜன்னலிலிருந்து அவருடைய காலும் செருப்பும் தெரிந்தன, செருப்பு கட்டை விரலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கேட்கமாட்டேன். இரும்புக்குப் போகட்டும், கேட்கமாட்டேன். போனால் என்ன, காலையில் மொட்டைமாடியில் நடக்கலாம், மொட்டைமாடிக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு, முடியவே முடியாத சுவர். ஸ்பீக்கர் தெருமுனையில் திரும்பியது, குரல் இப்போது சுவரில் மோதி இரண்டாகக் கேட்டது, ஓடாத சைக்கிள், சைக்கிள். தட்டுவண்டியின் ஆட்டோ எஞ்சின் இரண்டாவது வீட்டு வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஹேண்டிலை நெஞ்சோடு பிடித்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. தொண்டையில் ஏதோ நெம்பி மேலே வந்தது, கரண்டிக் காம்பு மாதிரி, ஒரு பல், அடுத்த பல். ஏத்தல, திருப்பினேன் என்று வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது அதில்லை.

“என்னங்க. இந்தச் சக்கரத்தை மட்டும் கொஞ்சம் வந்து பிடிச்சுக்கறீங்களா.”

சத்தமாகவே சொன்னாள். வெளியே துடைப்பம் நின்றது. ஜன்னலுக்குள் செருப்பு ஆடுவது நின்றது. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டது. கோணின ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, நேராகச் சக்கரத்தைப் பார்த்தபடி, இன்னொரு தடவை, இந்தத் தடவை யாருக்கென்று பெயர் வைக்காமல் சொன்னாள்.

“ரெண்டு நிமிஷம். பிடிச்சா போதும்.”